அம்பாசிடர் மகிழுந்தின் எண்ணெய்க் கசிவு: வடிவமைப்பு, கொள்கை, பட்டறை அறிவு – ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியச் சாலைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய அம்பாசிடர் மகிழுந்தின் எஞ்சினில் எண்ணெய் ஒழுகுவது அனைவரும் அறிந்த குறை. இக்குறைக்கு உள்நாட்டுத் தயாரிப்பின் தரக்குறைவும் பட்டறைத் தொழிலாளரின் திறமைக்குறைவுமே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. கசிவின் மூலத்தைத் தேடினால் அது வேறிடத்தில் இருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. 1940களின் பிரித்தானிய எஞ்சின் வடிவமைப்பு, 1953ஆம் ஆண்டுக்குப் பிந்தைய இந்தியத் தொழிற்கொள்கை, நாட்பட்ட தேய்மானம் ஆகிய மூன்றும் அக்கசிவில் ஒன்றுசேர்கின்றன. ஒன்பது திருப்பதிகளைக் கொண்ட ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தின் வாடகை மகிழுந்துப் பயணம் இதனை விளக்கும் களமாகக் கொள்ளப்படுகிறது. கசிவைக் கண்டறிந்து சரிசெய்யும் பட்டறை அறிவு, பழைய வாகனங்களைப் பாதுகாப்பதற்கு இன்றியமையாத ஆவணம் என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அம்பாசிடர், எண்ணெய்க் கசிவு, புரியடைப்பு, பேக்கிங், ஸ்ரீவைகுண்டம், பட்டறை அறிவு, தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

தமிழகத்தில் மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவும் நிறுவனர்களின் வாழ்க்கை வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய வண்டி அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் எவ்வாறு ஓட்டப்பட்டது, யாரால் பழுது பார்க்கப்பட்டது, எந்தப் பகுதி முதலில் தேய்ந்தது என்பவை வரலாற்றாசிரியரின் கவனத்தை மிகுதியும் பெறவில்லை. ஆயினும் ஒரு பொருளின் ஆயுளில் தயாரிப்புக்குச் செலவாகும் நாட்கள் சிலவே. பயன்பாட்டிலும் பழுதுபார்ப்பிலும் கழியும் ஆண்டுகள் பல. அந்த ஆண்டுகளின் தடயம் வண்டியின் உடலிலேயே பதிந்திருக்கிறது. நிறுத்திய இடத்தில் படியும் எண்ணெய்த் துளியும் அத்தகைய ஒரு தடயமாகும்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்னும் வினா பட்டறைக்குரியது. அது ஏன் அங்கிருந்து வருகிறது என்னும் வினா வரலாற்றுக்குரியது. முதல் வினாவுக்கு விடை காணாமல் இரண்டாவது வினாவை எழுப்ப இயலாது. எனவே இக்கட்டுரை எஞ்சின் அமைப்பு, அதன் வரலாறு, கசிவைத் தேடும் முறை, சரிசெய்யும் முறை என்னும் வரிசையில் அமைகிறது.

ஸ்ரீவைகுண்டம் வட்டாரமும் மோட்டார் வண்டியும்

தாமிரபரணியின் வடகரையில் அமைந்த ஸ்ரீவைகுண்டம், 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழக மோட்டார்த் தொழிலின் இரு பெரும் குடும்பங்கள் அப்பழைய மாவட்டத்திலிருந்து கிளைத்தவை என்பது குறிப்பிடத்தக்கது. 1912ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சென்னையின் சிம்சன் நிறுவனத்தை மையமாகக் கொண்டு அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்க்குறிச்சியோடு தொடர்புடையவர். வண்டி விற்பனை, உதிரிபாகம், எஞ்சின் தயாரிப்பு ஆகிய துறைகளில் இவ்விரு குழுமங்களின் பங்கு பெரிது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மகிழுந்து வருவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று நவதிருப்பதி வழிபாடு. ஸ்ரீவைகுண்டம், நத்தம் எனப்படும் வரகுணமங்கை, திருப்புளியங்குடி, இரட்டைத் திருப்பதியாகிய தொலைவில்லிமங்கலத்தின் இரு கோயில்கள், பெருங்குளம், திருக்கோளூர், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி ஆகிய ஒன்பது தலங்களும் ஆற்றின் இரு கரைகளிலும் ஒன்றுக்கொன்று அருகருகே அமைந்துள்ளன. இவற்றை ஒரே நாளில் வாடகை வண்டியில் வணங்கி முடிப்பது வழக்கம். அம்பாசிடர் வாடகை வண்டியாக ஓடிய காலத்தில் இப்பயணத்தின் இயல்பு எஞ்சினுக்கு ஒரு தனிச் சோதனையாக அமைந்தது. வண்டி சில கிலோமீட்டர் ஓடும். எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகும். பின்னர்க் கோயில் வாசலில் நெடுநேரம் நிற்கும். இவ்வாறு ஒன்பது முறை நிகழும். நெடுஞ்சாலையில் இடைவிடாது ஓடும் வண்டியைக் காட்டிலும் இவ்வாறு நின்று நின்று செல்லும் வண்டியில் கசிவு வெளிப்படையாகத் தெரிவதற்கு எஞ்சினின் அமைப்பே காரணம். அதனைப் பின்வரும் பகுதிகள் விளக்கும்.

அடைக்கும் கலை: தோணி முதல் எஞ்சின் வரை

இணைப்பின் வழியே திரவம் புகாமலும் வெளியேறாமலும் தடுப்பது இக்கடற்கரைக்குப் புதிய சிக்கலன்று. தூத்துக்குடித் தோணிகளின் பலகை இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையைப் பூசும் வேலை கலப்பத்து எனப்பட்டது. போர்ச்சுக்கீசியத் தொடர்பால் தமிழுக்கு வந்த இச்சொல், அடைக்கும் தொழில் தனித் திறனாக மதிக்கப்பட்டதற்குச் சான்றாகும். தோணியின் பலகைகள் அசையாதவை. நீரில் ஊறும்போது மரம் உப்பி இடுக்கை மேலும் இறுக்கும். எஞ்சினிலோ அடைப்பு இருவகைப்பட்டது. அசையாத இரு முகங்களுக்கு இடையே வைப்பது ஒருவகை. சுழலும் தண்டைச் சுற்றி அமைப்பது மற்றொரு வகை.

அசையாத முகங்களுக்குத் தக்கை, தாள், செம்பும் கல்நாரும் சேர்ந்த தகடு ஆகியவை பயன்பட்டன. தமிழகப் பட்டறைகளில் இவை அனைத்தும் பேக்கிங் என்னும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன: ஹெட் பேக்கிங், சம்ப் பேக்கிங், டேப்பெட் கவர் பேக்கிங் என. இவற்றோடு பூசப்படும் ஷெல்லாக் என்பது தமிழர் தொன்றுதொட்டு அறிந்த அரக்கின் கரைசலே ஆகும்.

சுழலும் தண்டை அடைப்பது கடினம். இறுக்கினால் உராய்ந்து சூடேறும், தளர்த்தினால் ஒழுகும். இதற்கு நான்கு தீர்வுகள் வரலாற்றில் தோன்றின. முதலாவது, கம்பளிப் பட்டையைத் தண்டைச் சுற்றி வைப்பது. இரண்டாவது, காரீயத்தூள் ஏற்றிய கல்நார்க் கயிற்றைப் பள்ளத்தில் பதிப்பது. மூன்றாவது, தண்டின் மீதே திருகாணியின் புரி போன்ற வரியை வெட்டி, வெளியேற முயலும் எண்ணெயைச் சுழற்சியினாலேயே உள்ளே தள்ளுவது. இதனை இக்கட்டுரை புரியடைப்பு எனக் குறிக்கிறது. நான்காவது, மெல்லிய உதடு ஒன்று தண்டைத் தழுவி நிற்கும் உதட்டடைப்பு. பட்டறைகளில் ஆயில் சீல் எனப்படுவது இதுவே. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டிருந்த பிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்னும் பொறியாளர் 1929ஆம் ஆண்டில் உருவாக்கிய அடைப்பு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. தொடக்கத்தில் தோலாக இருந்த உதடு 1930களில் செயற்கை ரப்பராக மாறியது.

1489 சி.சி. எஞ்சினும் அதன் புரியடைப்பும்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இயங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் அம்பாசிடரை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் 1476 சி.சி. பக்கவால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. 1959ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் இடம்பெற்றது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்த இவ்வெஞ்சின், 1947ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்டின் ஏ40 வண்டியின் 1200 சி.சி. எஞ்சினிலிருந்து வளர்ந்ததாகும். அந்த ஆஸ்டின் வண்டியைத் தமிழகம் முன்னரே அறிந்திருந்தது. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டிலேயே எண்ணூரில் அதனைப் பூட்டி விற்கத் தொடங்கியது. ஆகவே அம்பாசிடர் எஞ்சினின் மூதாதை தமிழகத்தில் கால்வைத்தது அம்பாசிடருக்கும் முற்பட்ட காலத்தில் என்பது தெளிவு.

இவ்வெஞ்சினின் கிராங்க் தண்டு மூன்று முதன்மைத் தாங்கிகளின் மேல் சுழல்கிறது. தண்டின் பின்முனையில், பறசக்கரத்துக்கு முன்னால், புரியடைப்பு அமைந்துள்ளது. அங்கு ரப்பர் உதடோ கயிறோ இல்லை. தண்டில் வெட்டப்பட்ட புரிக்கும் அதனைச் சூழ்ந்த வார்ப்பிரும்புக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கே இடைவெளி உண்டு. தண்டு சுழலும்போது புரி எண்ணெயை முன்னோக்கித் தள்ளும். அது பின்தாங்கியின் மூடியிலுள்ள வழியாக எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பும்.

இவ்வமைப்பின் வலிமை, தேய்வதற்கு ஏதும் இல்லாமை. அதன் வரம்புகள் மூன்று. முதலாவது, எஞ்சின் நின்றதும் அடைப்பும் நின்றுவிடும். அவ்வேளையில் பின்தாங்கியின் அருகில் எஞ்சியுள்ள சூடான எண்ணெய் இடைவெளி வழியே இறங்கலாம். வண்டியின் முகம் மேடான பக்கம் இருக்குமாறு நிறுத்தினால் இது மிகும். ஒன்பது முறை நின்று செல்லும் நவதிருப்பதிப் பயணத்தில் கசிவு மிகுந்து தோன்றுவதற்கு இதுவே விளக்கம். இரண்டாவது, முதன்மைத் தாங்கி தேய்ந்து தண்டு மையம் விலகினால் இடைவெளி ஒருபுறம் விரியும். மூன்றாவது, எண்ணெய்த் தொட்டி இருக்கும் உள்ளறையில் வாயு அழுத்தம் ஏறினால் அது புரியின் தள்ளுவிசையை வென்றுவிடும்.

எண்ணெய் சிறிது வெளியேறும் என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்தே இருந்தனர். அதற்கான சான்று எஞ்சினிலேயே உள்ளது. இவ்வகை எஞ்சின்களின் கிளட்சை மூடும் மணிக்கூட்டின் அடியில் ஒரு துளை இடப்பட்டு, அதில் ஒரு பிளவு ஊசி தொங்கவிடப்பட்டிருக்கும். ஓட்டத்தின் அதிர்வில் அவ்வூசி ஆடிக்கொண்டே இருப்பதால் துளை அழுக்கால் அடைபடாது. உள்ளே சேரும் எண்ணெய் கிளட்ச் தகட்டைத் தொடாமல் கீழே சொட்டிவிடும். ஒழுகக் கூடாது என எண்ணியவர் ஒழுகுவதற்கு வழி அமைக்கமாட்டார். எனவே தரையில் காணும் சில துளிகள் தயாரிப்புப் பிழையினால் மட்டுமே நேர்ந்தவை என்று கருத இடமில்லை.

1953ஆம் ஆண்டு முடிவும் மாறாத தண்டும்

இங்கிலாந்தில் இதே எஞ்சின் குடும்பம் மாற்றமடைந்தது. 1798 சி.சி. அளவுக்கு விரிந்த பி வரிசை எஞ்சின் 1964ஆம் ஆண்டில் எம்.ஜி.பி. வண்டியில் ஐந்து முதன்மைத் தாங்கிகளைப் பெற்றது. பின்முனையில் புரியடைப்புக்கு மாற்றாக உதட்டடைப்பு வந்தது. இந்தியாவிலோ மூன்று தாங்கிகளைக் கொண்ட 1489 சி.சி. எஞ்சின் மேலும் பல ஆண்டுகள் அவ்வாறே தொடர்ந்தது. இந்த இடைவெளிக்கான விளக்கத்தைத் தொழிற்கொள்கையில் தேடவேண்டும்.

1953ஆம் ஆண்டில் வரிவிதிப்பு ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, படிப்படியாக முழு உற்பத்தியை நோக்கிச் செல்லும் திட்டம் உடைய நிறுவனங்களே இந்தியாவில் தொடரலாம் என்று நடுவண் அரசு முடிவு செய்தது. வெறும் பூட்டுவேலை மட்டும் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகியவை வெளியேறின. எண்ணூரில் ஆஸ்டின் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டு நிறுவனத்துடன் இணைந்து 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர்மாறி, சரக்கு வாகனங்களின் பக்கம் திரும்பியது. மகிழுந்துச் சந்தையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆகிய மூன்றே நிலைத்தன.

முடிவின் நோக்கம் உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது. அந்நோக்கம் பெருமளவு நிறைவேறியது. 1949ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் முதலிய நிறுவனங்களால் தேய்ந்த பிஸ்டனும் வளையங்களும் நாட்டிற்குள்ளேயே கிடைத்தன. ஆனால் கிராங்க் தண்டையும் எஞ்சின் வார்ப்பையும் மாற்றியமைப்பது உதிரிபாகம் செய்வதைப் போன்றதன்று. புதிய அச்சுகளும் புதிய எந்திரங்களும் அந்நியச் செலாவணியும் அதற்குத் தேவை. போட்டி குறைவாகவும் வாங்குவோர் காத்திருப்புப் பட்டியலிலும் இருந்த சந்தையில் அத்தகைய செலவுக்குத் தூண்டுதல் இருக்கவில்லை எனக் கருதலாம். 1992ஆம் ஆண்டில் 1817 சி.சி. இசுசு எஞ்சின் பொருத்தப்பட்ட அம்பாசிடர் வெளிவந்தபோதுதான் பெட்ரோல் வண்டியில் ஐந்து தாங்கிகள் கொண்ட தண்டு இடம்பெற்றது. இங்கிலாந்தில் 1964ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நோக்க இது 28 ஆண்டுகள் பிந்தியது.

சென்னை வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். 1961ஆம் ஆண்டு முதல் இங்கு வெளிவந்த அவ்வண்டியின் எஞ்சின் முன்பகுதியில் அடைப்புக் கட்டை ஒன்று உண்டு. அதன் இரு முனைகளிலும் உள்ள இடுக்கில் சிறு மரச் சீவல்களை அடித்து இறக்கி, மிகுதியை வெட்டிவிட வேண்டும். தோணிக் கலப்பத்தை ஒத்த இவ்வேலை, சீவல் சரியாக இறுகாவிட்டால் எண்ணெய்த் தொட்டியின் முன்னோரத்தில் கசிவாக வெளிப்படும். அங்கும் அடைப்பின் தரத்தை முடிவு செய்தது பழுதுபார்ப்பவரின் கையே ஆகும்.

மூலத்தைத் தேடும் முறை

கசிவு தெரியும் இடமும் கசிவு தொடங்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறு. எண்ணெய் புவியீர்ப்பால் கீழே இறங்குகிறது. விசிறியின் காற்றாலும் வண்டியின் ஓட்டத்தாலும் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே முன்புறம் மேலே தொடங்கும் சிறு ஊறல், பின்புறம் அடியில் துளியாக விழும். பின்முனையில் துளியைக் கண்டவுடன் புரியடைப்பைக் குற்றஞ்சாட்டி எஞ்சினைக் கீழிறக்குவது பெருஞ்செலவில் முடியும் தவறு.

இதனால் நன்கு தேர்ந்த பட்டறைகளின் முறை ஒரு வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் அளவுகோலில் எண்ணெய் மட்டம் பார்க்கப்படும். மிகுதியாக ஊற்றியிருந்தால் அதுவே கசிவுக்குப் போதிய காரணம். அடுத்து, ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்பது உறுதிசெய்யப்படும். பயன்பட்ட எஞ்சின் எண்ணெய் கறுத்திருக்கும்; கியர் எண்ணெய் தடித்துக் கந்தக நெடி வீசும். பின்னர் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எஞ்சின் முழுவதும் கழுவி உலர்த்தப்படும். ஐயத்துக்குரிய இணைப்புகளில் சுண்ணப்பொடி போன்ற வெண்தூள் தூவப்படும். வண்டியின் அடியில் அட்டையோ நாளிதழோ விரித்து, எஞ்சினை முதலில் நின்ற நிலையிலும் பின்னர்ச் சிறிது தொலைவு ஓட்டியும் சோதிப்பர். தூளில் தோன்றும் முதல் ஈரக்கோடே சான்று. ஈரப்பட்ட இடங்களுள் மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பதையே மூலமாகக் கொள்ளவேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை விதி.

1489 சி.சி. எஞ்சினில் சோதிக்கப்படும் இடங்களும் மேலிருந்து கீழாக அமைகின்றன. ராக்கர் மூடியின் தக்கை பேக்கிங் முதலாவது. உள்ளிழுப்பு, வெளியேற்றக் குழாய்களுக்குக் கீழே மறைந்துள்ள இரு டேப்பெட் கவர்கள் அடுத்தவை. பார்வைக்கு எளிதில் புலப்படாததால் இவற்றின் கசிவு பின்முனையின் மேல் ஏற்றப்படுவதுண்டு. எண்ணெய் வடிகட்டியின் வளையம், அழுத்தமானிக்குச் செல்லும் குழாய், டைமிங் மூடியின் கம்பளி அடைப்பு, சம்ப் பேக்கிங் ஆகியவை தொடர்ந்து பார்க்கப்படும். இவை அனைத்தும் உலர்ந்திருந்து, மணிக்கூட்டின் துளையில் மட்டும் எண்ணெய் சொட்டினால்தான் ஐயம் புரியடைப்பை அடையும்.

சரிசெய்யும் முறையும் அதன் தருக்கமும்

கண்டறிந்த பின் முதலில் தொடவேண்டியது பேக்கிங் அன்று, மூச்சுக்குழாய். பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் உள்ளறைக்குள் இறங்கும் வாயு, டேப்பெட் கவரோடு இணைந்த இக்குழாய் வழியே வெளியேற வேண்டும். அதன் கம்பிவலை கசடால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, எண்ணெய் எல்லா இணைப்புகளிலும் வழி தேடும். ஓரிடத்தில் புதிய பேக்கிங் இட்டால் மற்றோரிடத்தில் ஒழுகும். வலையைக் கழுவியபின் பல கசிவுகள் தாமாகவே குறைவது இதனால்தான். கழுவியும் புகை மிகுதியாக வெளிவந்தால் குறை பிஸ்டன் வளையங்களில் உள்ளது. அடைப்பை மாற்றுவதால் பயனில்லை.

அடுத்தது தக்கை பேக்கிங். ராக்கர் மூடி, டேப்பெட் கவர், எண்ணெய்த் தொட்டி ஆகியவை அழுத்தி வார்த்த தகடுகள். ஒழுகுகிறது என்று ஆணியை மேலும் மேலும் முறுக்கினால் துளையைச் சுற்றிய தகடு வளைந்து, ஆணிகளுக்கு இடையே தூக்கிக்கொள்ளும். தக்கையும் பிதுங்கிப் பிளக்கும். எனவே தகட்டின் ஓரத்தைத் தட்டையான கட்டையின் மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன்செய்து, பழைய ஷெல்லாக்கைச் சுரண்டி நீக்கி, புதிய தக்கையை மிதமாக இறுக்குவதே முறை. சம்ப் பேக்கிங்கில் முன், பின் தாங்கி மூடிகளின் வளைவில் அமரும் தக்கைத் துண்டுகள் தனிக் கவனத்துக்குரியவை; அவற்றின் முனை பக்கவாட்டு பேக்கிங்கோடு சேரும் மூலையே வலுவற்ற இடமாகும்.

டைமிங் மூடியின் உள்ளே தண்டின் மேல் எண்ணெய் வீசும் தட்டு ஒன்று உண்டு. அதன் குழிந்த முகம் எஞ்சினுக்கு எதிர்ப்புறமாக, அதாவது முன்னோக்கி இருக்கவேண்டும். திருப்பிப் பொருத்தினால் புதிய கம்பளி அடைப்பும் ஒழுகும். பழுதுபார்ப்பின் பிழை தயாரிப்பின் குறையாகத் தோன்றும் இடம் இது.

புரியடைப்பே மூலம் என உறுதியானால் எஞ்சினை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் புரியை மாற்ற இயலாது. முதன்மைத் தாங்கிகளைப் புதுப்பித்துத் தண்டை மையத்துக்குக் கொண்டுவருதல், பின்தாங்கி மூடி எஞ்சின் உடலோடு சேரும் முகத்தில் அடைப்புப்பசை இடுதல், எண்ணெய் திரும்பும் வழியின் கசடை நீக்குதல் ஆகியவையே செய்யத்தக்கவை. இவற்றுக்குப் பின்னும் சில துளிகள் விழுந்தால் அது எஞ்சினின் இயல்பு. கிளட்ச் தகட்டில் எண்ணெய் பட்டு வழுக்காத வரையிலும், எண்ணெய் மட்டம் விரைவாகக் குறையாத வரையிலும் அதனை ஏற்றுக்கொள்வது பட்டறை மரபு. குறையை எல்லையின்றித் துரத்தாமல், எங்கே நிறுத்தவேண்டும் என அறிவதும் இவ்வறிவின் பகுதியாகும்.

வெள்ளமும் விதியும்

எண்ணெயை வெளியே விடும் இடைவெளி நீரை உள்ளேயும் விடும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டியின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்ட நிகழ்வு நாடறிந்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கும் பழைய எஞ்சினில் மூச்சுக்குழாய், அளவுகோல் துளை, புரியடைப்பு ஆகியவை நீர் புகும் வாயில்களாகின்றன. நீர் கலந்த எண்ணெய் மோர் போன்று வெளுக்கும். அந்நிலையில் எஞ்சினை இயக்கினால் தாங்கிகள் அழியும். ஒவ்வொரு பழைய எஞ்சினிலும் எவ்விடைவெளி எங்கே உள்ளது என்னும் அறிவு இத்தகைய வேளையில் வண்டியைக் காப்பாற்றும் அறிவாகிறது.

மற்றொரு சிக்கல் சட்டத்திலிருந்து எழுகிறது. 2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நடுவண் மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய வழிவகுத்தன. வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1975ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அம்பாசிடர்கள் இப்போது அவ்வயதைக் கடந்துள்ளன. புரியடைப்பை நீக்கி உதட்டடைப்புப் பொருத்தும் மாற்றங்கள் பி வரிசை எஞ்சின்களுக்கு வெளிநாடுகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் துளி நிற்கலாம். ஆனால் மூன்று தாங்கி எஞ்சினின் வரலாற்றுச் சான்று அழியும். துளியை நிறுத்துவதா, சான்றைக் காப்பதா என்னும் வினாவுக்கு விடை காண, துளியின் மூலம் எது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மூச்சுக்குழாயிலும் தக்கையிலும் தொடங்கும் கசிவுக்காகத் தண்டின் மூல வடிவத்தைப் பலியிடத் தேவையில்லை.

இதற்கு மறுபுறத்தில், 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் நீக்கப்படலாயிற்று. 2014ஆம் ஆண்டில் அம்பாசிடரின் உற்பத்தியும் முடிவுற்றது. கோயம்புத்தூரில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் போன்றவை வண்டிகளைக் காக்கின்றன. வண்டியைக் காக்கும் கையறிவு எங்கும் சேர்த்து வைக்கப்படவில்லையெனில், காட்சிக்கூடத்தில் நிற்கும் வண்டி ஓடாத வண்டியாகவே எஞ்சும்.

முடிவுரை

அம்பாசிடரின் எண்ணெய்க் கசிவு ஒற்றைக் காரணத்தால் விளைந்ததன்று. சுழலும்போது மட்டும் அடைக்கும் புரியடைப்பு 1940களின் பிரித்தானிய வடிவமைப்பிலிருந்து வந்தது. அது மூலநாட்டில் கைவிடப்பட்ட பின்னும் இங்கு நீடித்தமைக்கு 1953ஆம் ஆண்டு முடிவை ஒட்டி உருவான மூடிய சந்தை துணைநின்றது. அவற்றின் மேல் தேய்மானமும் அடைபட்ட மூச்சுக்குழாயும் பிறழப் பொருத்திய பகுதிகளும் சேர்ந்தன. இம்மூன்றையும் பிரித்தறிந்தவர் பட்டறைத் தொழிலாளரே. குறைக்குப் பொறுப்பாக்கப்பட்டவரும் அவரே.

மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் தேடும் அவர்களது முறை, பேக்கிங் முதலாக அவர்கள் வழங்கும் சொற்கள், எங்கே நிறுத்தவேண்டும் என்னும் அவர்களது தீர்ப்பு ஆகிய மூன்றும் தமிழில் எழுத்தில் பதிவாகவேண்டியவை. தூத்துக்குடிக் கடற்கரையின் கலப்பத்து என்னும் சொல் அகராதியில் இடம்பெற்றதால் அத்தொழிலின் நினைவு எஞ்சியது. மோட்டார்ப் பட்டறையின் சொற்களுக்கும் அவ்வாய்ப்பு அமைய, அவற்றைக் கையாளும் தலைமுறை தொழிலில் இருக்கும்போதே வட்டாரந்தோறும் தொகுப்புப்பணி மேற்கொள்ளப்பட வேண்டும்.